கதையில் கருப்பட்டிக் காப்பி, படத்தில் டீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். காலையில் ஒரு கதையைப் பற்றிப் பேச்சு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தக் கதையிலிருந்து எடுத்த படம். ஜன்னலில் போர்வையைக் கட்டிச் சுவரில் படம் காட்டுவோம். முடிந்ததும் போர்வையை அவிழ்ப்பதற்குள் சண்டை தொடங்கிவிடும். கதையின் கருவையே மாற்றிவிட்டார்கள் என்று மல்லுக்கு நிற்பவர்கள் குறைவு. "சேலை மஞ்சள்னுல்லா எழுதியிருக்காரு, இவன் பச்சையக் காட்டுதான்" என்பதுதான் பெரிய வழக்கு. ஏழெட்டு வருஷமாக அதே கேள்விகள், நானும் அதே பதில்கள். எழுதி வைத்துவிட்டால் தொண்டையாவது மிச்சமாகும்.

கதையில் இருப்பதை அப்படியே எடுத்தால் என்ன குறைந்துபோகும்?

அப்படியே எடுக்க முடியாது. "அவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான்" என்று எழுத்தாளர் எழுதிவிட்டுப் போய்விடுவார். நமக்கும் அது போதும். படம் எடுக்கிறவருக்கு அந்த ஒரு வரியில் இருபது கேள்வி வரும். வாழை இலையா, எவர்சில்வர் தட்டா? தேங்காய்ப்பால் சொதியா, புளிக்குழம்பா? திருநெல்வேலிக்காரனுக்குச் சொதி என்றதும் கல்யாண வீட்டு மறுநாள் விருந்து ஞாபகம் வரும், யார் வீடு என்றுகூட ஒரு யூகம் வந்துவிடும். பரிமாறுவது யார்? நின்றுகொண்டா, உட்கார்ந்தா? கிளம்பும்போது கை துடைத்த துண்டு எந்த நிறம்?

எழுத்தாளர் முடிவு செய்யாமல் விட்ட அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்தவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்துவதற்காக, எழுத்தாளர் தெளிவாகவே சொல்லிவிட்ட சிலவற்றையும் நகர்த்தவேண்டி வரும். சேலை பச்சையானது அநேகமாக இப்படித்தான். சுவர் மஞ்சளாக இருந்திருக்கும்.

அதெல்லாம் சரி. எழுத்தாளர் எண்ணைக்கூடக் கொடுத்திருக்கிறார். அதை ஏன் மாற்ற வேண்டும்?

இதற்கு உலகம் முழுக்க நல்ல உதாரணங்கள் உண்டு. 'தி ஷைனிங்' நாவலில் பேய் இருக்கும் அறையின் எண் 217. 1980-ல் வந்த படத்தில் அது 237. வெளிப்புறக் காட்சிக்குப் பயன்பட்ட அமெரிக்க விடுதியில் 217 என்று நிஜமாகவே ஓர் அறை இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அதில் யாரும் தங்க மாட்டார்கள் என்று நிர்வாகம் பயந்தது. அந்த விடுதியில் இல்லாத எண்ணாகப் பார்த்து வைத்தார்கள். அதே நாவலில் செடிகளை வெட்டிச் செய்த மிருகங்கள் உயிர்பெற்று நகரும். அன்றைக்கு இருந்த தந்திரக் காட்சி வசதியில் அதை நம்பும்படி எடுக்க முடியாது என்பதால், படத்தில் ஒரு செடிப்புதிர்ப் பாதை வந்தது. இன்று அந்தப் படம் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாதைதான்.

'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' 1900-ல் வந்த புத்தகம். அதில் சிறுமி போட்டிருப்பது வெள்ளிச் செருப்பு. 1939-ல் படமானபோது அது மாணிக்கச் சிவப்பு. வண்ணப்படம் புதிதாக வந்த காலம், வண்ணத்தைக் காட்டத்தானே அவ்வளவு செலவு? வெள்ளி அதில் எடுபடாது. ஹாரி பாட்டர் விஷயம் இன்னும் எளிது. புத்தகத்தில் பையனுக்குப் பச்சைக் கண். நடித்த பையனுக்குக் கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, கண் எரிந்தது. சரி, நீலமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இதற்கும் கலைக்கொள்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பாதி மாற்றங்களுக்குக் காரணம் இப்படித்தான் இருக்கும்: விடுதிக்காரரின் பயம், பிள்ளையின் கண், அன்றைக்கு அடித்த வெயில்.

'முள்ளும் மலரும்' நாவலில் காளியின் கையைப் புலி கடிக்கிறது. படத்தில் லாரி ஏறுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியை எங்கள் பக்கம் கொஞ்சம் உரிமையோடு கேட்பார்கள். நாவலை எழுதிய உமாசந்திரன் முன்னீர்பள்ளத்துக்காரர், பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். 1966-ல் கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நாவல் அது. மகேந்திரன் 1978-ல் அதைப் படமாக்கினார்.

புலியை வைத்துப் படம் எடுப்பது செலவு, ஆபத்து, பார்த்தாலும் பொம்மை மாதிரி இருக்கும் என்று காரணம் சொல்லலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. புலி காட்டிலிருந்து வருவது, அதற்குக் காளியின் குணத்தோடு உறவு கிடையாது. படத்தில் மேலதிகாரியான எஞ்சினியரால் வேலை பறிபோன கோபத்தில் அவன் குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறான், லாரி ஏறுகிறது. கையைப் பறித்தது அவனுடைய வீம்பு. அதன்பிறகு அவன் எஞ்சினியரை வெறுக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கை இல்லாமல் இருப்பது பேசிக்கொண்டே இருக்கிறது. புலி கடித்திருந்தால் அவன்மேல் நமக்குப் பரிதாபம்தான் வந்திருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "புலி புலிதாம்வே" என்பார்.

'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'தான் என்கிறார்கள். படித்தால் அப்படித் தெரியவில்லையே?

தெரியாதுதான். 1979-ல் வந்த அந்தப் படத்தையும் குறுநாவலையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சுந்தரவடிவேலு என்ற பெயரும், தாயை இழந்த குழந்தைகளும் மட்டும்தான் இரண்டிலும் தட்டுப்படும். குறுநாவலில் அவர் கல்லூரிப் பேராசிரியர். படத்தில் ஒரு கிராமத்துப் பெரிய மனிதன், நல்லவன்போல் தெரியும் கொடியவன். தலைப்பே சிற்றன்னையைப் பற்றியது, ஆனால் படத்தில் நம் மனதில் தங்குவது முதல் மனைவி லட்சுமி. கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் நின்று அவனைத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. குறுநாவலில் அந்த ஆறு கிடையாது.

இதைத் தழுவல் என்று சொல்வதைவிட, ஒருவர் வீட்டு விதையை வாங்கிக்கொண்டு போய் வேறு மண்ணில் போட்டது என்று சொல்லலாம். அப்படியிருந்தும் மகேந்திரன் புதுமைப்பித்தனுக்கு நன்றி போட்டார். பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டு, நன்றி போடாமல் போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

புதுமைப்பித்தனே சினிமாவுக்குப் போனவர்தான் என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரியவில்லை. 'அவ்வையார்', 'காமவல்லி' படங்களுக்கு எழுதினார். சொந்தமாகப் படக்கம்பெனி ஆரம்பித்துப் பார்த்தார். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனேவுக்குப் போனபோது காசநோய் முற்றி, 1948-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். வண்ணாரப்பேட்டைத் தெருவில் நடந்த மனிதர். அவர் இன்னும் இருபது வருஷம் இருந்து தன் கதைகளைத் தானே திரைக்கதை ஆக்கியிருந்தால், எதை மாற்றியிருப்பார் என்று நாங்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறோம்.

'வெக்கை'யில் கதை பையனுடையது. 'அசுர'னில் அப்பாவுடையதாகிவிட்டது. இது சின்ன மாற்றமா?

இல்லை, பெரிது. ஆனால் சின்ன மாற்றங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பூமணி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். 1986 வரை அது திருநெல்வேலி மாவட்டம், எங்களுக்கு இன்றும் மனதளவில் அப்படித்தான். 1982-ல் வந்த நாவலில் சிதம்பரம் என்ற பையன் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்பாவோடு கரட்டிலும் காட்டிலும் ஒளிந்து திரிகிறான். நாம் அந்தப் பையனின் காது வழியாகத்தான் எல்லாவற்றையும் கேட்கிறோம். 2019-ல் வெற்றிமாறன் எடுத்தபோது தனுஷ் அப்பாவாக நடித்தார். ஒரு பெரிய நடிகர் அப்பா என்றால், படத்தின் நடு அங்கே நகர்ந்துதான் ஆகும். நடு நகர்ந்ததும் அப்பாவின் இளமைக்கால முன்கதை வேண்டும். முன்கதை வந்தால் அதற்கு ஒரு காதலி, ஒரு தொழில், ஒரு ஜோடிச் செருப்பு. அந்த முன்கதையில் அவ்வளவு நடந்துவிட்டதால், நிகழ்காலத்தில் அப்பா வாயைத் திறக்காதவராக, கையெடுத்துக் கும்பிடுகிறவராக இருந்தாக வேண்டும். ஒரே ஒரு முடிவு, அதன் பின்னால் நூறு சின்ன மாற்றங்கள் வண்டிமாடு மாதிரி வரிசையாக வருகின்றன. நூறாவது மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு "இதை ஏன் மாற்றினார்" என்றால் பதில் கிடைக்காது. முதல் மாற்றத்தைத் தேட வேண்டும்.

எனக்கு நாவல்தான் பிடிக்கும். பையனின் அந்தப் பதைப்பும், அப்பாவும் மகனும் சமைத்துச் சாப்பிட்டபடி பேசிக்கொண்டே போகும் அமைதியும் படத்தில் குறைவு. அதற்காகப் படத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பேச வந்தது வேறு.

நெல்லைத் தமிழை ஏன் படங்களில் கெடுக்கிறார்கள்?

கோபம் வந்தாலும் நியாயமான கேள்வி. வரிக்கு ஒரு "ஏலே" போட்டால் திருநெல்வேலி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே ஒரே ஆள் மகனை "லே" என்பார், மகளை "ட்டி" என்பார், தன் வயதுக்காரரை "வே" என்பார், கடைக்காரரை "அண்ணாச்சி" என்பார், அந்த இடத்தில் இல்லாத பெரியவரைப் பற்றி "அவாள் வந்தாவ, சொன்னாவ" என்பார். அண்ணன் பெண்டாட்டி "மைனி". இதில் ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவே மாறிவிடும். மருமகன் மாமனாரை "லே" என்று கூப்பிட்ட ஒரு காட்சிக்கு ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் எழுந்த சிரிப்பை நான் நேரில் கேட்டேன். அது சோகக் காட்சி.

போதாக்குறைக்கு நெல்லைத் தமிழ் ஒன்றே ஒன்றும் இல்லை. டவுன் ரதவீதிப் பேச்சு வேறு, மேலப்பாளையம் வேறு, நாங்குநேரி வேறு, உவரிக் கடற்கரை வேறு. எழுத்தாளர் இதைக் காதில் வைத்துக்கொண்டு எழுதுவார். படம் கோயம்புத்தூரிலும் திருவள்ளூரிலும் புரிய வேண்டும். ஆகவே கொஞ்சம் தேய்த்துத்தான் ஆக வேண்டும். எதைத் தேய்ப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். சொற்களைக் குறைத்தாலும் பரவாயில்லை, உறவு முறையை விட்டுவிடக்கூடாது.

நன்றாகச் செய்ததற்கு உதாரணம் கேட்டால் 'பாபநாசம்' சொல்வேன். 2013-ல் வந்த மலையாள 'த்ருஷ்ய'த்தை அதே இயக்குநர் ஜீத்து ஜோசப் 2015-ல் தமிழில் எடுத்தார். இடுக்கி மலைக் கிராமத்து ஜார்ஜ்குட்டி, தாமிரபரணிக் கரை சுயம்புலிங்கம் ஆனார். சுயம்புலிங்கம் என்ற பெயரைக் கேட்டாலே தென்கோடி என்று தெரிந்துவிடும். ஜெயமோகன் வசனம். பேச்சைச் சரிபார்க்கத் திருநெல்வேலி எழுத்தாளர் சுகா கூடவே இருந்தார். தியானக் கூட்டத்துக்குப் போன கிறிஸ்தவக் குடும்பம் இங்கே இந்துக் குடும்பமானபோது, போன இடமும் சாப்பிட்டதும்கூட அதற்கேற்ப மாறின.

அதில் எனக்குப் பிடித்த மாற்றம் தலைப்பு. மலையாளத் தலைப்புக்குக் 'காட்சி' என்று பொருள். கதையின் தந்திரத்துக்கு அது பொருத்தம். தமிழில் ஊர்ப் பெயரை வைத்தார்கள். மலையிலிருந்து இறங்கும் ஆறு பாபநாசத்தில்தான் சமவெளியைத் தொடுகிறது. ஆடி அமாவாசைக்கு ஜனம் அங்கே போய் முங்கி எழுவது பாவம் தொலைய. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு கொலையை மறைத்தவனின் கதைக்கு அந்த ஊர்ப் பெயர். மலையாளத்தில் இல்லாத ஒன்று சும்மா இடம் மாற்றியதிலேயே கிடைத்துவிட்டது.

நிஜச் சம்பவத்திலிருந்து எடுக்கும்போது ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றுகிறார்களே, யாரை ஏமாற்ற?

யாரையும் ஏமாற்ற இல்லை. கொடியன்குளத்தில் 1995-ல் போலீஸ் நடத்திய தாக்குதல் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2021-ல் வந்த 'கர்ண'னில் ஊர் 'பொடியன்குளம்'. ஒரு எழுத்து மாறியதில் இரண்டு வேலை நடக்கிறது. தெரிந்தவர்களுக்கு எது என்று புரியும். அதே நேரம், நடந்த ஒவ்வொன்றையும் நடந்தபடியே காட்டும் கடமையிலிருந்து இயக்குநர் விடுபடுகிறார்.

ஆனால் அதே படத்தில் ஆண்டு ஒரு சிக்கல் ஆனது. கதை 1997-ல் நடப்பதாக முதலில் போட்டிருந்தார்கள். 1995-ல் ஒரு கட்சி ஆட்சி, 1997-ல் இன்னொரு கட்சி ஆட்சி. ஆட்சேபம் எழுந்ததும் '1990-களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். திரையில் சில நொடி நிற்கும் நாலு எண்கள்தான். ஊர்ப் பெயரை மாற்றினால் சுதந்திரம் கிடைக்கும், ஆண்டை மாற்றினால் பழி இடம் மாறும்.

'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வரும் மாடசாமி, கண்ணம்மா காதல் உண்மையா?

மாடசாமி உண்மை. ஒட்டப்பிடாரம்காரர். மணியாச்சியில் 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷ் துரை சுடப்பட்ட வழக்கில் தேடப்பட்டு, கடைசிவரை பிடிபடாமலே போனவர். கண்ணம்மாவும் காதலும் 1961-ல் படம் எடுத்தவர்களுடையது.

காரணம் விளங்காதது இல்லை. ம.பொ.சி. எழுதிய நூல்தான் படத்துக்கு ஆதாரம். வ.உ.சி. 1908-ல் கைதாகி 1912 கடைசியில்தான் வெளியே வருகிறார். ஆஷ் கொலை நடந்தபோது அவர் சிறையில். நாயகன் செக்கிழுத்துக்கொண்டிருக்கும்போது வெளியே நடப்பதைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். பிடிபடாமல் மறைந்த மாடசாமியைப் பற்றிப் பதிவு குறைவு. பதிவு குறைந்த இடத்தில்தான் கற்பனை நுழைய முடியும். சாவித்திரியையும் ஜெமினி கணேசனையும் வைத்துக்கொண்டு டூயட் இல்லாமல் இருக்க முடியுமா? பாரதியின் கண்ணம்மா பாட்டையே அதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்தக் காதலில் ஆட்சேபணை இல்லை, பாட்டு நன்றாகவே இருக்கும். பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் மாடசாமியின் மனைவி கண்ணம்மா என்று மேடையில் சொல்லும்போதுதான் நடுவராக உட்கார்ந்திருக்கும் எனக்குச் சங்கடம்.

எழுத்தாளர் சம்மதிக்காமல் மாற்றலாமா?

உரிமையை வாங்கினால், ஒப்பந்தத்தில் உள்ளபடி மாற்றலாம். ஆனால் காசு கொடுத்துவிட்டதாலேயே என்ன வேண்டுமானாலும் செய்ய முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, எழுத்தாளரின் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் அவர் வழக்குப் போடலாம் என்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவல் ஒன்று படமானபோது தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். திரைக்கு ஏற்றபடி மாற்றம் தேவைப்படும் என்பதை நீதிமன்றம் 1986-ல் ஒப்புக்கொண்டது, சிதைப்பதற்கு அது அனுமதி ஆகாது என்றும் சொன்னது. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆனால் பதிப்புரிமை முடிந்துவிடும். புதுமைப்பித்தன் படைப்புகளை 2002-லேயே தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது.

கதையில் அவர் பீடி பிடித்துக்கொண்டே இருப்பார். படத்தில் ஒன்றுகூட இல்லையே?

முக்கூடலும் மேலப்பாளையமும் பீடி சுற்றிப் பிழைத்த ஊர்கள், இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? 2012-லிருந்து படத்தில் யாராவது புகைத்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும். முக்கியமான காட்சியில் பார்வையாளர் கண் கீழே போய்விடும். பீடியைப் பிடுங்கிவிடுவது இயக்குநருக்கு எளிது. ஆடு மாடு விஷயமும் இதேபோல. விலங்குகள் நல வாரிய அனுமதி வாங்க வேண்டும் என்பதால் கதையில் இருந்த கிடை படத்தில் நாலு ஆடு ஆகிவிடும்.

'பொன்னியின் செல்வ'னில் மணிமேகலை எங்கே?

ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடைத்தார்கள். யாரோ ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று.

மாற்றியதால் கதை மேம்பட்டது உண்டா?

உண்டு. 'பதேர் பாஞ்சாலி' நாவலில் அப்புவும் துர்காவும் ரயில் பார்க்க ஓடுவார்கள், பார்க்க முடியாது. துர்கா ரயிலைப் பார்க்காமலே இறந்துபோவாள். சத்யஜித் ராய் 1955-ல் எடுத்த படத்தில் நாணல் பூக்களுக்கு நடுவே இருவருமே ரயில் போகும் திசைக்கு ஓடுகிறார்கள். உலகம் முழுக்க அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பது அந்தக் காட்சியால்.

ஆனால் நாவலில் பார்க்காமல் போனதும் நெஞ்சை அறுக்கிற விஷயம். இதில் எது மேல் என்று எனக்கு வாரத்துக்கு ஒரு முடிவு.

எது வேண்டுமென்றே செய்த மாற்றம், எது கவனக்குறைவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாற்றத்தைச் சுற்றியுள்ள மற்றவையும் அதற்கேற்ப மாறியிருந்தால் யோசித்துச் செய்தது. தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் கவனக்குறைவு. 1975-ல் நடக்கும் கதையில் டி.என். 72 என்று திருநெல்வேலி எண்பலகை மாட்டிய கார் வந்தால், அது பிழை. மாவட்டத்துக்கு ஓர் எண் கொடுக்கும் முறை வந்ததே 1989-ல்தான். அதே கதையில் "தூத்துக்குடி மாவட்டம்" என்று ஒரு பலகை தெரிந்தாலும் பிழை, அந்த மாவட்டம் பிரிந்ததே 1986-ல்தான். கத்திரி வெயிலில் நாற்று நட்டுவிட்டு "பிசானம் நல்லா வரும்" என்று ஒருவர் பேசினால், வசனம் எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பிசானம் என்பது ஐப்பசி மழையை நம்பி வைக்கும் நெல், மாசி பங்குனியில் அறுப்பது.

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதும் நல்லது. படத்தில் விட்டுவிட்டார்கள் என்று நாங்கள் அரைமணி நேரம் சண்டை போட்ட ஒரு காட்சி, எடுத்துப் பார்த்தால் நாவலிலேயே இல்லை. எங்கள் நினைவு எழுதிக்கொண்டது. தொடராக வந்ததற்கும் புத்தகமானதற்கும் வித்தியாசம் இருப்பதும் உண்டு.

அண்ணாச்சி, உங்கள் கதையையும் படமாக எடுத்தார்களாமே. உங்களுக்கு எப்படி இருந்தது?

குறும்படம்தான். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் எடுத்தார்கள். கதை இவ்வளவுதான்: குறுக்குத்துறையில் ஆற்றோரம் ஒரு வீடு. புருஷன் போனபின் மைனி தனியாக இருக்கிறாள். வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் கொழுந்தன் பத்து வருஷத்துக்கு அப்புறம் வருகிறான், வீட்டை விற்கக் கையெழுத்து வாங்க. பையில் பத்திரம். வெளியே ஐப்பசி வெள்ளம். அந்தக் காலத்தில் விருந்தாளிக்குச் சீனிக் காப்பி, வீட்டு ஆளுக்குக் கருப்பட்டிக் காப்பி. மைனி சீனி கடன் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள், கதவு பூட்டியிருக்கிறது. கூசிக்கொண்டே கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து வைக்கிறாள். இவன் ஒரு வாய் குடித்துவிட்டு, தன்னை இன்னும் வீட்டு ஆளாகத்தான் நினைக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறான். பத்திரத்தை வெளியே எடுக்காமலே கிளம்பிவிடுகிறான்.

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில்தான் படம் எடுக்க முடிந்தது. மே மாசத் தாமிரபரணியில் வெள்ளத்துக்கு எங்கே போக? பாறை தெரிய ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு முதலில் வருத்தம். பார்த்தால், அவன் ஆற்று மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவது நான் எழுதிய வெள்ளத்தைவிட நன்றாக இருந்தது.

ஆனால் டம்ளரில் டீ. "சார், லைட்ல ரெண்டும் ஒரே கலர்தான். பக்கத்துல டீக்கடை இருந்துச்சு" என்றார்கள். போட்டுக் காட்டியபோது எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவன் ஏன் பத்திரத்தை எடுக்கவே இல்லை? ஆறு வற்றியதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி கேட்டால் கொடுப்பீர்களா?

கேட்டுவிட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் இப்போது சென்னையில் உதவி இயக்குநர். அதே கதையைத் திரும்பவும் எடுக்க வேண்டுமாம். ஆற்றை என்ன வேண்டுமானாலும் செய், டம்ளரில் கைவைக்காதே என்றேன். போனில் குறித்துக்கொண்டான். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டான், "கருப்பட்டின்னு பாக்கிறவங்களுக்கு எப்படி சார் தெரியும்? அவர் வாய்விட்டுச் சொன்னா நல்லாருக்காது."

சொன்னால் கதை கெட்டுவிடும், அது சரிதான். ரெண்டு நாள் யோசித்துவிட்டு நானே கூப்பிட்டுச் சொன்னேன். காப்பி போடுவதைக் காட்டவே வேண்டாம். இவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும். உள்ளேயிருந்து, அம்மியில் வைத்துக் கருப்பட்டியைத் தட்டி உடைக்கிற சத்தம் மட்டும் வரட்டும். அவன் தலையைத் திருப்பட்டும்.

என் கதையில் அந்தச் சத்தம் கிடையாது.